வாசனை வந்தால் சுத்தமா? ஹேம்ஸ்டர் படுக்கையின் அறிவியல்

செல்லப்பிராணிக் கடைகளில் ஹேம்ஸ்டர் கூண்டில் பரப்புவதற்கென்றே பல வகைப் பொட்டலங்கள் விற்கப்படுகின்றன. பைன் மரச்சீவல், காகிதத் துகள், லவெண்டர் மணம் சேர்த்தது, பஞ்சு போன்றது என வரிசையாக அடுக்கியிருப்பார்கள். நம்மில் பலர் விலை மலிவானதை எடுப்போம். அல்லது நல்ல வாசனை வருவதை எடுப்போம். ஆனால், உங்கள் ஹேம்ஸ்டர் ஓயாமல் சொறிந்துகொள்கிறதா? வயிற்றிலோ பாதங்களிலோ தோல் சிவந்து, முடி உதிர்ந்திருக்கிறதா? அப்படியானால், அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஹேம்ஸ்டருக்குப் படுக்கை என்பது தூங்கும் இடம் மட்டுமன்று. அதைத் தோண்டி உள்ளே புகுந்துகொள்ளும்; கன்னப் பைகளில் திணித்துக் கூட்டுக்கு எடுத்துச் செல்லும். அதன் தோலும் மூக்கும் நாள் முழுவதும் படுக்கையைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. எனவே படுக்கையில் உள்ள எதுவும் அதன் உடலை எளிதில் அடைந்துவிடும்.

மரத்தின் மணம் ஏன் வருகிறது?

பைன், செடார் போன்ற ஊசியிலை மரங்கள் எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்களைக் கொண்டவை. பூச்சிகளிடமிருந்தும் பூஞ்சைகளிடமிருந்தும் மரத்தைக் காப்பதில் இவற்றுக்குப் பங்குண்டு. துணிகளைப் பூச்சி அரிக்காமலிருக்க அலமாரியில் செடார் கட்டைகளை வைப்பதும் இதனால்தான். பூச்சியை விரட்டும் அதே பொருள்கள், சிறிய விலங்கின் தோலையும் மூச்சுக்குழாயையும் உறுத்தக்கூடும்.

இவை உடலுக்குள்ளும் நுழைகின்றன என்பதற்குச் சான்று உண்டு. 1967ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வில், செடார், பைன் சீவல்கள்மீது வளர்க்கப்பட்ட எலிகளின் கல்லீரலில், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் அதிகரித்திருந்தன. பீச், பர்ச், மேப்பிள் ஆகிய அகன்ற இலை மரங்களின் சீவலுக்கு மாற்றியதும் அந்த விளைவு மறைந்தது. கூண்டில் பரப்பிய சீவல் கல்லீரலின் வேலையையே மாற்றியிருக்கிறது! வெப்பமூட்டி உலர்த்தப்பட்ட பைன் சீவலில் இந்த வேதிப்பொருள்கள் குறைவு. என்றாலும், தோல் உணர்திறன் மிக்க ஹேம்ஸ்டருக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. செடார் எந்த ஹேம்ஸ்டருக்குமே வேண்டாம்.

ஈரமும் அம்மோனியாவும்

ஹேம்ஸ்டரின் சிறுநீரில் யூரியா இருக்கிறது. படுக்கையில் வளரும் பாக்டீரியாக்கள் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை வெளியிடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும் அதே காரவாயுதான் இது. தோல், கண், மூக்கு மூன்றையும் இது எரிச்சலூட்டும்.

நம் பகுதியின் காற்றில் ஈரப்பதம் அதிகம். பாலைவனக் காற்றில் விரைவாகக் காய்ந்துவிடும் படுக்கை இங்கே நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். ஆகவே நீரை நன்கு உறிஞ்சும் படுக்கை நமக்கு மிக அவசியம். மணம் சேர்த்த படுக்கை அம்மோனியாவை அகற்றுவதில்லை. நம் மூக்கிடமிருந்து அதை மறைக்கிறது, அவ்வளவுதான். மோப்பத்தையே பெரிதும் நம்பி வாழும் விலங்குக்கு அந்த வாசனைத் திரவியம் கூடுதல் தொல்லை.

எதை வாங்கலாம்?

மணமும் சாயமும் சேர்க்காத, தூசு குறைந்த காகிதப் படுக்கை முதல் தேர்வு. ஆஸ்பென் மரச்சீவலும் பொருத்தமானது. அது அகன்ற இலை மரம் என்பதால் மணமிக்க எண்ணெய்கள் குறைவு. ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் உதறிப் பாருங்கள். புகைபோலத் தூசு பறந்தால் அந்த வகை வேண்டாம். கூடு கட்டிக்கொள்ள, மணமற்ற வெள்ளை மெல்லிழைத்தாளைக் கிழித்துப் போடலாம்.

பஞ்சு போன்ற படுக்கை பார்க்க மென்மையாக இருந்தாலும் ஆபத்தானது. அதன் இழைகள் கால்களைச் சுற்றி இறுக்கிவிடலாம். விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளலாம். ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணலும் கூடாது.

படுக்கையின் ஆழமும் முக்கியம். சுவிட்சர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு, 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழப் படுக்கைகளில் சிரிய ஹேம்ஸ்டர்களை வளர்த்து ஒப்பிட்டது. 10 சென்டிமீட்டரில் வாழ்ந்தவையே கூண்டுக் கம்பியை அதிகமாகக் கடித்தன. தோண்ட முடியாத படுக்கை, எவ்வளவு மென்மையாக இருந்தாலும், ஹேம்ஸ்டருக்குப் போதாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

படுக்கைதான் காரணமா என்று எப்படி அறிவது? அறிவியல் பாடத்தில் படித்த கட்டுப்படுத்தப்பட்ட சோதனையை நினைவுகூருங்கள். படுக்கையை மட்டும் மாற்றுங்கள்; உணவு, மணல், கூண்டின் இடம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். வழக்கமாகச் சுத்தம் செய்யும்போது, பழைய படுக்கையின் உலர்ந்த பகுதியைக் கொஞ்சம் விட்டுவைப்பது நல்லது. தன் மணம் இருந்தால் ஹேம்ஸ்டர் பதற்றப்படாது. இந்தச் சோதனையின் தொடக்கத்தில் மட்டும் பழையதை முழுவதுமாக அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் முடிவு குழம்பிவிடும். பின்னர் இரண்டு மூன்று வாரங்களுக்கு, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துத் தேதியுடன் குறித்து வாருங்கள். சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் தினமும் அகற்றினால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். சிரிய ஹேம்ஸ்டரின் இரு விலாப்புறங்களிலும் கருமையான புள்ளிகள் தெரியலாம். அவை மணச் சுரப்பிகள், நோயல்ல. குள்ள ஹேம்ஸ்டர்களுக்கு அந்தச் சுரப்பி வயிற்றின் நடுவில் இருக்கும். அடுத்து, முடி உதிர்வுக்கும் அரிப்புக்கும் உண்ணிப்பூச்சி, பூஞ்சைத் தொற்று போன்ற காரணங்களும் உண்டு. படுக்கையை மாற்றினால் அவை குணமாகா. பூஞ்சைத் தொற்று உங்களுக்கும் பரவலாம். புண், சொட்டை, சோர்வு, உணவில் நாட்டமின்மை ஆகியவற்றில் எதைக் கண்டாலும், சோதனை முடியட்டும் என்று காத்திருக்காமல் விலங்கு மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். மனிதர்களுக்கான களிம்பைப் பூசாதீர்கள், நீரில் குளிப்பாட்டாதீர்கள். குளியல் தோலின் இயற்கை எண்ணெயை நீக்கிவிடும். உடல் குளிர்ந்து ஹேம்ஸ்டர் நோயுறவும் கூடும்.

அடுத்த முறை பொட்டலத்தை எடுக்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் திருப்பி, எந்த மரம், என்ன மணம், எவ்வளவு தூசு என்று படியுங்கள். அரிக்கிறது என்று ஹேம்ஸ்டரால் சொல்ல முடியாது. அதற்காக நீங்கள்தான் படிக்க வேண்டும்.