உதவி போகிறது, வளர்ச்சி ஏன் வரவில்லை?

பாலஸ்தீனத்துக்கு எத்தனையோ நாடுகள் பல ஆண்டுகளாக உதவி செய்கின்றன. பிறகும் அந்த மக்கள் ஏன் சொந்தக் காலில் நிற்க முடியவில்லை என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். காஸாவின் அழிவு எல்லோருக்கும் தெரியும். 1967 முதல் இஸ்ரேலிய இராணுவ ஆக்கிரமிப்பில் இருக்கும் மேற்குக் கரையின் நிலையைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலில் நிலம். 1995 ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தது. சுமார் 60 சதவீத நிலம் 'சி' பகுதி. அது முழுக்க இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் உள்ளது. அங்கே வீடு கட்டவும் கிணறு வெட்டவும் அவர்களின் அனுமதி வேண்டும். பாலஸ்தீனருக்கு அது கிடைப்பது அரிது. அனுமதி இல்லாமல் கட்டினால் இடித்துவிடுவார்கள். வெளிநாட்டு நன்கொடையில் அமைத்த தண்ணீர்த் தொட்டிகளும் அப்படி இடிபட்டுள்ளன.

அடுத்தது வரி. 1994 பாரிஸ் உடன்படிக்கையின்படி, பாலஸ்தீனத்துக்கு வரும் இறக்குமதிப் பொருள்களின் வரியை இஸ்ரேலே வசூலிக்கிறது. 3 சதவீதம் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். பாலஸ்தீன நிர்வாகத்தின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதுதான். இந்தப் பணத்தை நிறுத்திவைக்கும்போதெல்லாம் ஆசிரியருக்கும் செவிலியருக்கும் முழுச் சம்பளம் கிடைப்பதில்லை. சொந்த நாணயமும் இல்லை. பெரும்பாலும் புழக்கத்தில் இருப்பது இஸ்ரேலின் ஷெக்கல்.

மூன்றாவது பாதை. இஸ்ரேலுக்குச் செல்லும் சரக்கைச் சோதனைச் சாவடியில் இறக்கிச் சோதித்து வேறு லாரியில் ஏற்ற வேண்டும். நேரமும் செலவும் கூடுகின்றன, காய்கறி வாடிவிடுகிறது. அலைபேசியில் 3ஜி சேவைக்கே 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'சி' பகுதிக் கட்டுப்பாடுகளால் மட்டும் பாலஸ்தீனப் பொருளாதாரம் ஆண்டுக்குச் சுமார் 340 கோடி டாலர் இழப்பதாக உலக வங்கி 2013இல் கணக்கிட்டது. அது அவர்களின் மொத்த உற்பத்தியில் 35 சதவீதம்.

எனவே குறை அந்த மக்களின் உழைப்பில் இல்லை. ஒலிவ எண்ணெய் ஆட்டவும், கல் அறுக்கவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உதவிப் பணம் இன்றைய பசியை ஆற்றும், அது அவசியமும்கூட. ஆனால் நிலமும் நீரும் வரியும் பாதையும் பிறர் கையில் இருக்கும்வரை, அந்தப் பணம் தொழிலாகவும் வேலையாகவும் மாறுவது கடினம்.