ஒற்றைக் காலுறை

என் தாத்தா ஒரு பழைய மைலோ டின்னில் முக்கியமான பொருள்களைப் போட்டு வைத்திருக்கிறார். தோட்டத்தில் வேலை செய்த காலத்துச் சம்பளச் சீட்டுகள் நாலைந்து, பாட்டியின் அடையாள அட்டை, சேமநிதிக் கடிதம். இவற்றோடு பச்சை நிறத்தில் ஒரு காலுறையும் இருக்கிறது. ஒன்றுதான், அதற்கு ஜோடி கிடையாது. சின்ன வயதில் அதை எடுத்துக் கையில் மாட்டிப் பொம்மலாட்டம் காட்டிய என் தம்பி வாங்கிய அடியை அவன் இன்னும் மறக்கவில்லை.

அது ஒரு காற்பந்து ஆட்டக்காரருடையது. 1970களின் நடுப்பகுதியில், பீடோங் பக்கம் தாத்தா பால் வெட்டிய தோட்டத்துக்கு ஒரு நட்புமுறை ஆட்டத்துக்காகக் கெடா மாநில அணியில் ஆடிய சிலர் லோரியில் வந்தார்களாம். தோட்டத்துத் திடல் கோயிலுக்குப் பின்னால் இருந்தது. காலையில் மாடு மேயும், மாலையில் பந்து உருளும். பால் நிறுத்துவிட்டு வந்த இளைஞர்களில் பாதிப்பேர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். ஆட்டத்தின் நடுவில் ஒரு மலாய் ஆட்டக்காரருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மருந்தகத்து டிரெசர் ஊரில் இல்லை. தாத்தா அவரைத் தோளில் சாய்த்து லயத்து வீட்டுக்குக் கூட்டி வந்தார். பாட்டி மஞ்சள் பத்துப் போட்டுப் பழந்துணியால் கட்டிவிட்டாங்க. தோசையும் கொடுத்திருக்காங்க. கட்டுப் போட்ட காலில் காலுறை ஏறாததால் அவர் அதை விட்டுவிட்டு லோரி ஏறிப் போய்விட்டார்.

"அப்புறம் பார்த்தீங்களா தாத்தா?"

"எங்கய்யா பாக்கறது? ரேடியோவில ரெண்டு தடவ பேரு சொன்னான். அம்புட்டுதான்."

கெடா தோட்டங்களிலும் பட்டணங்களிலும் காற்பந்து ரசிகர்கள் ஆட்டக்காரர்களை நேரில் சந்தித்த கதைகளைக் கேட்டு எழுதலாம் என்று இந்த விடுமுறையில் கிளம்பியபோது, என் வீட்டுப் பீரோவிலேயே முதல் கதை இருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தாத்தா சந்தித்த அந்த மனிதர் இன்று நாம் நினைக்கும் அர்த்தத்தில் 'தொழில்முறை' ஆட்டக்காரர் அல்லர். மலேசியாவில் அரைத் தொழில்முறை லீக் 1989இல்தான் தொடங்கியது. முழுத் தொழில்முறை 1994இல் வந்தது. அதற்கு முன்பு நாட்டுக்கு ஆடியவர்களும் பகலில் வேலைக்குப் போய், மாலையில் பயிற்சிக்குப் போனவர்கள்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3-0 என்று வென்ற மலேசியக் குழு அந்தக் காலத்தைச் சேர்ந்தது. 1980இல் தென் கொரியாவை மெர்டேக்கா அரங்கில் 2-1 என்று தோற்கடித்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவும் அப்படித்தான். ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க, தகுதி பெற்றும் அவர்களால் போக முடியவில்லை. 'ஓலா போலா' படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். அந்தப் படத்தில் வரும் கோல்காவலர் முத்துவைப் பார்க்கும்போது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆர். ஆறுமுகம்தான் நினைவுக்கு வருவார். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர். 1988இல் சாலை விபத்தில் இறந்துபோனார். தாத்தா ஆறுமுகத்தை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்தச் செய்தி வந்த நாளில் தோட்டத்தில் பல வீடுகளில் அடுப்பு தாமதமாகத்தான் எரிந்தது என்கிறார். இது தாத்தாவின் கணக்கு. அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அடுத்த கதை என் அத்தையுடையது. அத்தைக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். கூலிம் ஹைடெக் பகுதியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். கெடா அணி உச்சத்தில் இருந்த காலம் அது. இளைய வாசகர்கள் நம்ப மாட்டீர்கள். 2007இலும் 2008இலும், அடுத்தடுத்த இரண்டு பருவங்களில், சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் கெடா வாரிக்கொண்டு வந்தது. பயிற்றுநர் அஸ்ராய் கோர் அப்துல்லா. முன்வரிசையில் செயின்ட் வின்சென்ட் தீவு நாட்டிலிருந்து வந்த மார்லன் அலெக்ஸ் ஜேம்ஸ். 1987, 1988, 1989 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் கோலாலம்பூரிடம் தோற்று, 1990இல்தான் வென்ற மாநிலம் இது. தோற்றுத் தோற்றுப் பழகியவர்களுக்கு அந்த இரண்டு பருவங்களும் எப்படி இருந்திருக்கும்!

அந்த நேரத்தில் ஒரு பேரங்காடிக்கு இரண்டு ஆட்டக்காரர்கள் விளம்பரத்துக்காக வந்திருக்கிறார்கள். அத்தை இரவு வேலை முடிந்து, தூங்காமல், தொழிற்சாலைச் சீருடையிலேயே வரிசையில் நின்றாராம். வரிசையில் பெண்களே குறைவு. தமிழ்ப் பெண் அத்தை ஒருத்திதான். முறை வந்தபோது ஆட்டக்காரர் மலாயில், "பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறார். அத்தைக்கு வாய் வரவில்லை. சீருடையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்து அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், அத்தையின் பெயருக்குப் பதில் அட்டையில் மேலே கொட்டை எழுத்தில் இருந்த தொழிற்சாலையின் பெயர்! "இன்னாருக்கு அன்புடன்" என்று ஒரு கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆட்டக்காரர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அத்தை அதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார். ஏன் திரும்பப் போய்ச் சொல்லவில்லை என்று கேட்டேன். "பின்னாடி அம்பது பேர் நிக்கறாங்க. அதோட, அவர் எம் மூஞ்சியப் பாத்துத்தான சிரிச்சாரு? கம்பெனியப் பாத்தா சிரிச்சாரு?" என்றார்.

என் கதை இவ்வளவு சுவையானது இல்லை. 2016 தீபாவளிக்கு மறுநாள், அக்டோபர் 30, ஷா ஆலாம் அரங்கில் கெடாவும் சிலாங்கூரும் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் மோதின. ஆட்டம் 1-1. பினால்டியில் 6-5 என்று கெடா வென்றது. மிச்சமிருந்த முறுக்கு டின்னைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். கடைசிப் பினால்டியின்போது அப்பா வாசலுக்குப் போய்விட்டார். பார்க்கத் தைரியம் இல்லை. அந்த மகிழ்ச்சியில், "அடுத்த வருசம் உன்ன அலோர் ஸ்டாருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்து, காப்பாற்றவும் செய்தார்.

டாருல் அமான் அரங்கில் ஆட்டம் முடிந்து பேருந்துப் பக்கம் காத்திருந்தோம். எனக்குப் பதினொரு வயது. ஒரு ஆட்டக்காரர் வேலிக்குப் பக்கத்தில் வந்தார். எங்களிடம் காகிதம் இல்லை. அப்பா சட்டைப் பையைத் துழாவி, வரும் வழியில் எண்ணெய் ஊற்றிய ரசீதை நீட்டினார். அதன் பின்பக்கம் கையெழுத்துக் கிடைத்தது. அவர் என் தலையில் கை வைத்து, "படிக்கிறாயா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அன்று வீட்டுப்பாடம் செய்திருக்கவில்லை. அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. சூட்டில் அச்சாகும் தாள் என்பதால் விலை, லிட்டர், தேதி எல்லாம் எப்போதோ அழிந்து போய்விட்டன. பேனா மையில் போட்ட கையெழுத்து மட்டும் தெரிகிறது.

மெல்பர்னில் படிக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் இதைக் கேட்டால் சிரிப்பார். அங்கே அவர்களுடைய காற்பந்து வேறு. முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர், கையாலும் குத்தலாம். 2022 மார்ச்சில் சிட்னி அணியின் லேன்ஸ் ஃபிராங்க்ளின் தம் 1,000ஆவது கோலை அடித்தபோது, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் திடலுக்குள் ஓடி அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆட்டம் அரை மணி நேரத்துக்கும் மேல் நின்றது. அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, நம் ஊரில் யாராவது வேலி தாண்டினால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். ஆனாலும் அத்தனை ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கிடைத்திருக்கும்? எனக்கு ஒரு வேலியும் ஒரு ரசீதும் போதுமானதாக இருந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, நானும் வகுப்புத் தோழன் ஒருவனும் சுங்கை பட்டாணியில் ஓர் எண்ணெய் நிலையத்தில் மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தோம். பக்கத்துப் பம்பில் ஓர் இளைஞர். பழைய மோட்டார், முன்னால் ஒரு சின்னக் குழந்தை. தோழன்தான் முதலில் அடையாளம் கண்டான். லீக்கில் ஆடியவர். அணியின் பெயரும் அவர் பெயரும் இங்கே வேண்டாம். ஓடிப்போய்ப் படம் எடுக்கக் கேட்டோம். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி, முடியைச் சரி செய்து, சிரித்து நின்றார்.

படம் எடுத்த பிறகு தோழன், "அபாங், சம்பளம் வந்துடுச்சா?" என்று மலாயில் கேட்டுவிட்டான். கேலியாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டான். சமூக ஊடகத்தில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த விஷயம் அது. அவர் சிரிப்பு மாறவில்லை. "அடுத்த மாதமாம்" என்றார். குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். பம்பில் ஐந்து வெள்ளிக்கு எண்ணெய் காட்டியது. கிளம்பிப் போய்விட்டார்.

நம் நாட்டு லீக்கில் சம்பள பாக்கி புதிய செய்தி இல்லை. பல அணிகளின் பெயர் அடிபட்டிருக்கிறது. இரட்டை மும்முடி சூடிய நம் கெடாவும் அந்தச் சிக்கலில் மாட்டி, 2025-26 சூப்பர் லீக்கில் ஆட உரிமம் கிடைக்காமல் போனது. இந்திய இளைஞர்களுக்கு ஒரு வழியாக இருக்கும் என்று நம்பப்பட்ட மிஃபா அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி 2019இல் சூப்பர் லீக்கில் நுழைந்து, 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. இவற்றை நான் புள்ளிவிவரமாகத்தான் படித்திருந்தேன். ஐந்து வெள்ளி எண்ணெயைப் பார்க்கும் வரை.

இந்த விஷயத்தைப் பாடாங் செராயில் ஒரு முன்னாள் ஆட்டக்காரரிடம் சொன்னேன். தமிழர், நாற்பது வயதைத் தாண்டியவர். சில பருவங்கள் லீக்கில் ஆடிவிட்டு, இப்போது தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. சனிக்கிழமை காலையில் முப்பது பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார். அவரிடம் பந்து பழகும் நான்காம் படிவப் பையன் ஒருவன், மாவட்டக் குழுவில் இடம் கிடைத்ததும் எஸ்.பி.எம். எழுதாமல் முழுநேரமாக ஆடப் போகிறேன் என்று அடம்பிடித்திருக்கிறான். இவர் திட்டவில்லை. ஒருநாள் தம்மோடு இரவு ஷிப்டுக்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்து நிற்கும் இடம் வரை அவனை நடத்திக் கூட்டிப்போய், வரிசையில் நிற்பவர்களில் தம்மைப் போல ஆடிய இன்னொருவரையும் காட்டியிருக்கிறார்.

"பயமுறுத்தவா அண்ணே?" என்றேன்.

"சேச்சே. அந்த ஆளு அந்தக் காலத்துல அடிச்ச ஃப்ரீகிக்க நீ பாக்கணும். அதையும்தான் சொன்னேன். ரெண்டையும் சொல்லணும்ல?"

பையன் பரீட்சைக்குப் பதிந்துகொண்டான். சனிக்கிழமைப் பயிற்சிக்கும் தவறாமல் வருகிறான். நான் போன அன்று இடது பக்கத்திலிருந்து அவன் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அண்ணன் திரும்பிப் பார்க்காததுபோல் இருந்துவிட்டு, என்னிடம் மெதுவாக, "கால் நல்ல கால்" என்றார்.

எண்ணெய் நிலையத்தில் எடுத்த படத்தை நான் எங்கும் பதிவேற்றவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு இருக்கிறது, எங்கள் முகத்திலும் இருக்கிறது; ஆனால் அந்தக் கேள்வி படத்துக்குப் பிறகு கேட்கப்பட்டது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. தோழனோடு இதைப் பற்றி வாக்குவாதம் வந்தது. கேட்காமல் இருந்தால் மட்டும் மரியாதையா என்று அவன் கேட்கிறான். ஆட்டக்காரரை ஆட்டக்காரராகவே பார்க்க வேண்டும், அவர் வீட்டுக் கஷ்டத்தை எண்ணெய் நிலையத்தில் விசாரிக்கக் கூடாது என்பது என் கட்சி. இப்போது அவன் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறேன். கேட்டவிதம்தான் தவறு, குழந்தையின் பெயரை முதலில் கேட்டிருக்கலாம்.

தாத்தாவிடமும் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னையும் தோழனையும் தள்ளிவிட்டு, அந்த இளைஞரை நெடுநேரம் பார்த்தார். தோட்டத்துத் திடல் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. லயம் இல்லை, பாட்டியும் இல்லை. நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தேன்.

"ராத்திரி எத்தன மணி இருக்கும்?" என்றார்.

"ஒன்பதரை, தாத்தா."

"புள்ளயும் கைல இருந்துச்சுங்கற. சாப்டாச்சான்னு கேட்டீங்களாய்யா?"

நாங்கள் கேட்கவில்லை.