கணினி விளையாட்டும் மெய்ப்பாடும்

கலைப்படைப்பு ஒன்று தன்னை நுகர்வோர் உள்ளத்தில் எவ்வுணர்ச்சியை எழுப்புகின்றது என ஆராய்தல் தமிழ் மரபு. நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாடுகள் எட்டெனத் தொல்காப்பியர் வகுத்தமை யாவரும் அறிந்ததே. இவ்வளவுகோலைக் கணினி விளையாட்டுக்குப் பொருத்திப் பார்ப்பின் ஒரு குறை புலனாகும். பகைவரைச் சுடுதல், ஓட்டத்தில் முந்துதல், எதிரியை வெல்லுதல் ஆகியனவே பெரும்பாலான விளையாட்டுக்களின் பொருளாதலின், அவை எழுப்பும் உணர்ச்சிகளும் அச்சம், வெகுளி, வெற்றியாற் பிறக்கும் பெருமிதம் என்னும் சிலவற்றுள் அடங்கிவிடுகின்றன. ஏனைய உணர்ச்சிகளுக்கும் அங்கு இடமுண்டு எனக் காட்டுதலை மாணவப் பருவத்திலேயே குறிக்கோளாகக் கொண்டவர் ஜெனோவா சென்.

1981இல் சீனாவின் சங்காய் நகரிற் பிறந்த சென், அங்குக் கணினியியல் பயின்றபின் அமெரிக்கா சென்று, தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் திரைக்கலைப் பள்ளியில் முதுநிலை மாணவரானார். இளமையில் ஈளை நோயால் வருந்தி மருத்துவமனையிற் கிடந்த நாட்களின் பகற்கனவே அவருடைய முதற் பொருளாயிற்று. 2005இல் அவரும் உடன்பயின்றோரும் ஆக்கிய ‘கிளவுட்’ என்னும் விளையாட்டிலே, நோயுற்ற சிறுவன் ஒருவன் கனவில் வானிற் பறந்து முகில்களைத் திரட்டுகின்றான், மழை பெய்விக்கின்றான். அங்கே கொல்லுதற்குப் பகைவர் இலர். எய்தவேண்டிய உணர்ச்சியை முதலில் தெளிந்து, விதிகளைப் பின்னர் அமைத்தல் என்னும் நெறி இங்கே தொடங்கியது.

அடுத்து எழுந்த வினா, விளையாடுவோன் எவ்வாறு அவ்வுணர்ச்சியில் ஆழ்ந்து நிற்பான் என்பது. மிஹாலி சிக்சென்ற்மிஹாய் என்னும் உளவியலறிஞர் இதற்கு வழிகாட்டினார். செயலின் கடுமை ஆற்றலை மிஞ்சினால் கலக்கமும், ஆற்றலுக்குக் குறைந்தால் சலிப்பும் தோன்றும். இரண்டும் ஒத்துநிற்குமிடத்தே மனம் தன்னை மறந்து ஒன்றும் என்பது அவர் கொள்கை. இதனை விளக்கும் ஆய்வேட்டுடன் 2006இல் சென் ‘புளோ’ என்னும் விளையாட்டையும் ஆக்கினார். அதிலே புழுவையொத்த நீருயிர் ஒன்று சிற்றுயிர்களை உண்டு வளர்கின்றது. ஆழத்தே செல்லச் செல்லக் கடுமை மிகும். ஆழ இறங்குதலும் மேலெழுதலும் விளையாடுவோன் விருப்பே. தோற்பினும் இறப்பதில்லை, ஒரு படி மேலே தள்ளப்படுவதே தண்டம்.

அவ்வாண்டிலேயே சென்னும், உடன்பயின்ற கெலி சன்ரியாகோ என்பாரும் ஒரு நிறுவனம் தொடங்கினர். 2009இல் வெளிவந்த ‘பிளவர்’ விளையாட்டிலே, விளையாடுவோன் மலரிதழ்களைச் சுமந்துசெல்லும் காற்றாகின்றான். அவன் தீண்டிய மலர்கள் விரிய, வாடிய புல்வெளி பசுமையுறுகின்றது. மாநகரில் வளர்ந்தவர் கலிபோர்ணியாவின் பரந்த புல்வெளிகளைக் கண்டு எய்திய வியப்பே இதன் கரு. தொல்காப்பியர் கூறும் மருட்கையும், பின்னையோர் ஒன்பதாவதாகக் கொண்ட சாந்தமும் இங்கே ஒருங்கே தோன்றுகின்றன எனலாம்.

எனினும் இம்முயற்சிக்கு மறுப்பும் எழுந்தது. விளையாட்டில் வெற்றி தோல்வி உண்டு. கலையை வெல்லுதல் இல்லை, நுகர்தலே உண்டு. ஆதலின் விளையாட்டு ஒருபோதும் கலையாகாது எனத் திரைப்படத் திறனாய்வாளர் றொஜர் ஈபேட் 2010இல் எழுதினார். வெற்றியும் விதியும் நீங்கிய ஒன்று விளையாட்டே அன்று என்பதும் அவர் வாதம். விளையாடிப் பாராமற் கருத்துக் கூறியது தவறென அவரே பின்னர் ஒப்புக்கொண்டாராயினும், வினா வலிமையுடையதே.

அதற்கு விடைபோல அமைந்தது 2012இல் வெளிவந்த ‘ஜேர்னி’. பாலைவனத்தினூடே தொலைமலை நோக்கிச் செல்லும் பயணி, வழியில் வேறொரு பயணியைச் சந்திக்கின்றான். அவன் உலகின் எங்கோ இருந்து விளையாடும் உண்மை மனிதன். இருவரும் பேச இயலாது. இசையொலி ஒன்றே எழுப்பலாம். பெயரும் முடிவிலேயே தெரியும். ஆக்கத்தின் தொடக்கத்தில் ஒருவரையொருவர் தள்ளக்கூடியதாயிருந்தது. அப்போது விளையாடியோர் துணைசெய்யாது, மற்றவரைத் தள்ளிவிட்டு மகிழ்ந்தனர். புதிய உலகினுட் புகுந்தோர் குழந்தையைப் போன்றோர். எச்செயலுக்கு மிகுந்த எதிர்விளைவு உண்டோ அதனையே நாடுவர் என உளவியலறிந்தவர் விளக்கினர். ஆகவே, தள்ளுதல் பயனற்றதாக்கப்பட்டது; அணுகித் தொட்டால் இருவருக்கும் பறக்கும் ஆற்றல் பெருகுமாறு விதி மாற்றப்பட்டது. பகைத்தோர் துணைவராயினர். மனிதர் மாறினாரல்லர், விதியே மாறியது.

இதுவே இங்கே உணரத்தக்கது. ஓவியனுக்கு வண்ணமும் புலவனுக்குச் சொல்லும் போல, விளையாட்டு ஆக்குவோனுக்குக் கருவி விதியாகும். விதியை நீக்கியன்று, விதியைக் கொண்டே அன்பை விளைவித்தார் சென். 2013இல் ‘பிளவர்’ வாசிங்டனிலுள்ள சிமித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடத்தின் நிலைத்த தொகுப்பிற் சேர்க்கப்பட்டது. மாணவன் ஒருவன் தன் நோய்ப்படுக்கையின் கனவைப் பொருளாக்கத் துணிந்தமையே இவையனைத்துக்கும் வித்து. தன் வாழ்விற் கண்டதைப் பொருளாகவும், பிறர் உள்ளத்து எழும் உணர்ச்சியைப் பயனாகவும் கொள்ளுதல் பழங்கலைகளுக்கு மட்டுமன்றிப் புதுக்கலைக்கும் உரிய நெறியாதல் இதனாற் பெறப்படும்.