சங்கத்தின் மின்னஞ்சல் விலாசப் பட்டியலைப் பேணும் முறை

சங்கத்தின் செய்திகள் அங்கத்தினர் அனைவருக்கும் ஒரே காலத்தில் தெரிய வேண்டுவது அவசியம். நூல் வந்து இறங்கிய செய்தி, சங்கக் கட்டடத்தின் அருகில் குடியிருப்பவருக்கு அன்றே தெரிந்து, தொலைவில் இருப்பவருக்கு மூன்று நாள் கழித்துத் தெரியுமானால், பங்குத் தொகை சமமாயிருந்தும் பயன் சமமாகாது. பயிர்க் காப்பீட்டுப் பிரிமியம் செலுத்தும் கடைசித் தேதியைத் தவறவிட்ட விவசாயிக்கு, மழை பொய்த்த பின் சொல்லும் சமாதானம் எதுவும் உதவாது. கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து ஒருவர் சின்னசேலம் வரை வந்து செய்தி கேட்டுத் திரும்பினால் அன்றைய வேலை போயிற்று.

இக்குறையைப் பெரிதும் நீக்கக்கூடிய சாதனம் மின்னஞ்சலாகும். ஒரு விலாசப் பட்டியலைக் கொண்டு எவ்வளவு பெரிய காரியம் நடத்தலாம் என்பதற்குத் தமிழர்களிடமே சான்று உண்டு. 1995-இல் தொடங்கிய 'தமிழ்.நெட்' என்னும் மின்னஞ்சல் குழு, பல தேசங்களில் வாழ்ந்த தமிழர்களை ஒன்று சேர்த்தது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தில், திரு. கு. கல்யாணசுந்தரம் அவர்கள் ஒருங்கிணைக்க, தொண்டர்கள் மின்னஞ்சல் வாயிலாக வேலையைப் பங்கிட்டுக்கொண்டனர். ஒருவர் தட்டச்சிட, மற்றொருவர் பிழை திருத்த, பழந்தமிழ் நூல்கள் பல இலவசமாக உலகுக்குக் கிடைத்தன. ஊதியமின்றிப் பலர் கூடி ஒரு காரியத்தை முடித்தலும் கூட்டுறவேயன்றோ!

ஆயிரக்கணக்கானோர் கொண்ட குழுக்களுக்குத் தனி மென்பொருள் தேவைப்படும். நூறு, இருநூறு அங்கத்தினர் உள்ள நமது சங்கங்களுக்கு ஜிமெயில், தண்டர்பேர்டு போன்ற சாதாரண மின்னஞ்சல் செயலியே போதும். செலவு ஒன்றுமில்லை; ஒழுங்கு மட்டுமே வேண்டும். அவ்வொழுங்கை ஈண்டு விளக்குவோம்.

முதலாவது, கணக்கு சங்கத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். காரியதரிசியின் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பினால், அவர் மாறும்போது பட்டியலும் அவருடன் போய்விடும். சாவிக்கொத்தையும் ரொக்கப் புத்தகத்தையும் ஒப்படைப்பது போலவே கணக்கையும் ஒப்படைத்து, அன்றே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். இருபடிச் சரிபார்ப்பும் அவசியம்.

இரண்டாவது, பதிவேடு. அங்கத்தினர் எண், பெயர், மின்னஞ்சல் விலாசம், சம்மதக் கையொப்பம், சேர்த்த தேதி, நீக்கிய தேதி ஆகிய ஆறு பத்திகள் போதும். சம்மதம் இன்றி எவர் விலாசத்தையும் சேர்த்தல் கூடாது. 2023-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே முக்கிய அடிப்படையாகக் கொண்டது. விலாசத்தில் ஓர் எழுத்துத் தவறினாலும் அஞ்சல் உரியவருக்குப் போய்ச் சேராதாகலின், எழுதியவுடன் ஒரு சோதனை அஞ்சல் அனுப்பிப் பார்த்தல் நன்று. பின்னர் இவ்விலாசங்களை ஜிமெயிலின் தொடர்புகள் பகுதியில் ஒரே லேபிளின் கீழோ, தண்டர்பேர்டின் முகவரிப் புத்தகத்தில் ஒரு பட்டியலாகவோ அமைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, அனுப்பும் முறை. இதுவே யாவற்றினும் முக்கியமானது. மின்னஞ்சலில் 'டு', 'சி.சி.', 'பி.சி.சி.' என மூன்று கட்டங்கள் உண்டு. தட்டச்சு இயந்திரத்தில் கார்பன் தாள் வைத்து நகல் எடுத்த வழக்கத்திலிருந்து வந்த பெயர்கள் பின்னிரண்டும். முதல் இரண்டு கட்டங்களில் இட்ட விலாசங்கள் பெறுவோர் அனைவர் கண்ணிலும் படும். மூன்றாவதில் இட்டவை பிறருக்குத் தெரியா. ஆகவே 'டு' கட்டத்தில் சங்கத்தின் விலாசத்தையும், 'பி.சி.சி.' கட்டத்தில் அங்கத்தினர் பட்டியலையும் இட வேண்டும். இதை மறந்து 120 பேரின் விலாசங்களை 'டு' கட்டத்தில் இட்டுவிட்டால், அவ்வஞ்சல் யார் கையிலேனும் சிக்கும்போது அங்கத்தினர் அனைவரும் மோசடிக்காரருக்கு அறிமுகமாகிவிடுவர். சங்கத்தின் பெயரைச் சொல்லி 'உங்கள் கடன் தள்ளுபடிக்கு இந்த எண்ணை அனுப்புக' என்று ஒருவன் எழுதினால் நம்புவோர் இருப்பர். மேலும், ஒருவர் 'அனைவருக்கும் பதில்' என்பதை அழுத்தித் தம் தவணை பாக்கியைப் பற்றிக் கேட்டால், அது ஊரறிந்த செய்தியாகிவிடும்.

நான்காவது, அளவு. இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் 500 பெறுநர்களுக்கு மேல் அனுப்ப முற்பட்டால், 24 மணி நேரம் வரையில் அனுப்புதல் நிறுத்தப்படலாம். பெரிய சங்கங்கள் பட்டியலைப் பிரித்து, அடுத்தடுத்த நாட்களில் அனுப்புக. தலைப்பில் விஷயத்தையும் தேதியையும் தெளிவாக எழுதுக. தமிழை யூனிகோட் எழுத்தில் அடித்தால் எல்லாக் கைபேசிகளிலும் படிக்கலாம். அங்கத்தினர் தத்தம் தொடர்புகளில் சங்கத்தின் விலாசத்தைச் சேர்த்து வைத்தால், நம் அஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் விழுவது குறையும்.

ஐந்தாவது, திரும்பி வரும் அஞ்சல்கள். 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் வருவனவற்றைப் படியாமல் நீக்கிவிடுவது பல இடங்களில் வழக்கமாயிருக்கிறது. இது பெருந்தவறு. 5 என்னும் இலக்கத்தில் தொடங்கும் பிழை எண் நிலையான தடையையும், 4-இல் தொடங்குவது தற்காலிகத் தடையையும் குறிக்கும். 550 என வந்தால் பெரும்பாலும் அவ்விலாசமே இல்லையென்று கொள்ளலாம். அவ்வாறு திரும்பிய ஒவ்வோர் அஞ்சலும், செய்தி கிடைக்காத ஓர் அங்கத்தினரைக் குறிக்கிறது. அன்றே அவரைத் தொலைபேசியில் அழைத்து விலாசத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். விலக விரும்புவோரின் பெயரையும் காரணம் கேளாமல் அன்றே நீக்கித் தேதியிடுக.

அங்கத்தினர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஓ.டி.பி. எண்ணையோ வங்கிக் கடவுச்சொல்லையோ சங்கம் ஒருபோதும் கேளாது. கேட்டு வரும் அஞ்சல், சங்கத்தின் பெயரில் வந்தாலும் பொய்யே. பணம் பறிபோயிருந்தால் தாமதியாது 1930 என்னும் எண்ணில் முறையிடுக.

இறுதியாக ஒன்று. மின்னஞ்சல் இல்லாத அங்கத்தினரும் முழு அங்கத்தினரே. தறியில் அமர்ந்திருக்கும் முதியவருக்கும், கோபுரத் தொடர்பு எட்டாத மலையூர் விவசாயிக்கும் கையால் சேர்ப்பிக்கும் அறிவிப்பும், சங்கப் பலகையில் ஒட்டும் அறிவிப்பும் நிற்றல் கூடாது. பொதுக்குழுக் கூட்ட அறிவிப்பைத் துணைவிதிகள் கூறும் முறைப்படியே சேர்ப்பிக்க வேண்டும். மின்னஞ்சல் அதற்குத் துணையேயாகும்.

பங்குப் பேரேட்டில் ஒரு பெயர் விடுபட்டால் நாம் எவ்வளவு பதறுவோமோ, விலாசப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டாலும், வெளியாருக்குத் தெரிந்துவிட்டாலும் அவ்வளவு பதற வேண்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இப்பதிவேட்டைத் தொடங்கத் தீர்மானம் செய்யுமாறு காரியதரிசிகளையும், தத்தம் விலாசத்தைப் பிழையின்றி எழுதிக் கொடுக்குமாறு அங்கத்தினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.