சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

எஞ்சினுக்கு அடியிலுள்ள தட்டில் நாலைந்து சொட்டு கறுப்பு எண்ணெய். பாய்மரப் படகு வைத்திருப்பவரின் தூக்கத்தைக் கெடுக்க அது போதும். காற்று விழுந்த நேரத்திலும் நெரிசலான துறைமுகத்துக்குள் நுழையும்போதும் அந்தச் சின்ன டீசல் எஞ்சினை நம்பித்தான் படகு நகர்கிறது. சொட்டுச் சொட்டாகப் போவதால் உடனே ஆபத்தில்லை. ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவரை அடுத்த பயணத்தை நிம்மதியாகத் தொடங்க முடியாது.

சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலேதான் கசிவு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள் பலர். ஓட்டு வீட்டில் மழைக்காலத்தைக் கழித்தவர்களுக்கு விஷயம் புரியும்: ஓடு உடைந்தது ஓரிடம், நீர் உத்தரம் வழியே ஓடிச் சொட்டுவது வேறிடம். படகில் இது இன்னும் சிக்கல். ப்ரொபெல்லர் தண்டு பின்னோக்கிச் சரிந்து இறங்குவதால், பல படகுகளில் எஞ்சினும் பின்பக்கம் தாழ்ந்தே உட்கார்ந்திருக்கும். முன்னாலோ மேலேயோ கசிந்த எண்ணெய் பின்பக்கம் வந்துதான் சொட்டும். பாய் விரித்து ஓடும்போது படகு சாய்கிறது. எண்ணெயும் சாய்ந்த பக்கம் ஓடிவிடுகிறது.

ஆகவே ஸ்பானரைத் தொடுமுன் துணியை எடுக்க வேண்டும். பழைய பிசுக்கு முழுவதையும் டிகிரீசர் போட்டுத் துடைத்து, உலரவிட்டு, அடியில் வெள்ளை உறிஞ்சு தாள்களை விரிக்க வேண்டும். பிறகு எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, நிறுத்திவிட்டு, டார்ச்சும் கைக்கண்ணாடியும் கொண்டு தேட வேண்டும். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை போகக் கூடாது. தேட வேண்டியது ஈரமான இடங்களிலேயே மிக உயரத்தில் இருப்பதை. சந்தேகமான இடத்தில் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு மறுபடி சிறிது நேரம் ஓட்டினால், எண்ணெய் வந்த தடம் கறுத்த கோடாகத் தெரியும். அதற்கும் பிடிபடாத கசிவுக்கு, எண்ணெயில் கலக்கும் ஒளிரும் சாயமும் புற ஊதா விளக்கும் கிடைக்கின்றன.

வருவது எஞ்சின் ஆயில்தானா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பல படகுகளில் கியர் பாக்ஸில் ஊற்றுவது சிவப்பு நிற ஆயில். அது தாளில் பட்டதுமே காட்டிக்கொடுத்துவிடும். டீசல் நீர்த்திருக்கும், வாடை தனி. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறினால் கூடுதல் கவனம் தேவை. எஞ்சினோடு இணைந்த டீசல் பம்பின் உள்சவ்வு கிழிந்து, டீசல் ஆயிலில் கலந்துகொண்டிருக்கலாம். அப்படி நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது.

பெரும்பாலும் காரணம் சில்லறைச் சாமானாகத்தான் இருக்கும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதை முறுக்கியிருப்பார்கள். வால்வு கவர் கேஸ்கட் காய்ந்து சுருங்கியிருக்கும். ஆயில் அழுத்தத்தைக் காட்டும் சென்சாரின் மின்முனை வழியாகவே எண்ணெய் கசிந்து ஒயரை நனைத்திருக்கும். கியரால் ஓடும் கடல்நீர் பம்பில் கீழ்ப்புறம் ஒரு சிறு துளை உண்டு. அதில் உப்புநீர் சொட்டினால் தண்ணீர் சீல் போய்விட்டது, எண்ணெய் சொட்டினால் ஆயில் சீல் போய்விட்டது. அந்த உப்புநீர் இரும்பு ஃபில்டர் மேலோ ஆயில் தொட்டி மேலோ தொடர்ந்து விழுந்தால் துரு தின்று ஊசித்துளை விழும். காரில் அபூர்வமான இந்த வியாதி படகில் சாதாரணம்.

எல்லோரும் பயப்படுவது கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீலுக்குத்தான். அமெரிக்கா, பிரிட்டன் பாய்மரப் படகுகள் பலவற்றில் இன்றும் ஓடும் பெர்கின்ஸ் 4-108 இதற்குப் பேர்போனது. நான்கு சிலிண்டர், 1.76 லிட்டர், உழைப்புக்கு அஞ்சாத எஞ்சின். அதன் பின்பக்க அடைப்பு இரண்டு பாதிகளாகப் பூட்டிய உறைக்குள் அழுத்திவைத்த கயிறு. இன்றைய ரப்பர் சீல் அளவுக்கு அது இறுக்கிப் பிடிக்காது. அதை மாற்ற கியர் பாக்ஸையும் ஃப்ளைவீலையும் கழற்ற வேண்டும். பல படகுகளில் எஞ்சினையே இடம்பெயர்க்க வேண்டிவரும்.

அந்தச் செலவுக்குத் துணியும் முன் பிரீதர் குழாயைப் பார்ப்பது அவசியம். பிஸ்டனைத் தாண்டி இறங்கும் வாயு வெளியேறும் வழி அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவும் எண்ணெயைத் தள்ளும். புது சீல் போட்ட பிறகும் கசிவு தொடர்வதற்கு இது ஒரு காரணம். நங்கூரமிட்ட படகில் பேட்டரி சார்ஜ் ஏற்றுவதற்காகவே எஞ்சினைச் சுமையின்றி மணிக்கணக்கில் ஓட்டும் பழக்கமும் கெடுதல். சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாகி, ரிங்குகள் வாயுவை அடக்க முடியாமல் விட்டுவிடுகின்றன. அழுத்தம் மேலும் ஏறுகிறது.

சிறிய கசிவுதானே என்று விட முடியாததற்குக் கடலும் ஒரு காரணம். அடித்தளத்தில் தேங்கும் நீரில் எண்ணெய் கலந்தால், தானியங்கி பம்ப் அதையும் சேர்த்து வெளியே இறைத்துவிடும். அமெரிக்காவில் 26 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள எஞ்சின் படகுகளில் எண்ணெய் கொட்டுவது குற்றம் என்ற அறிவிப்புப் பலகை இருந்தாக வேண்டும். நீர்மேல் படர்ந்த எண்ணெயை சோப்பு ஊற்றிக் கலைப்பதும் அங்கே சட்டவிரோதம்.

பழைய பெர்கின்ஸ் வைத்திருப்பவர்கள் சிலர் சீலைத் தொடுவதே இல்லை. அடியில் ஆழமான தட்டு, அதில் உறிஞ்சு தாள், பக்கத்தில் ஒரு நோட்டு. எஞ்சின் ஓடிய மணிநேரத்தையும் ஊற்றிய ஆயிலின் அளவையும் அதில் குறித்து வைக்கிறார்கள். அளவு திடீரென ஏறும் வாரத்தில் துணியும் டார்ச்சும் மறுபடி வெளியே வருகின்றன.