கொல்லிமலைக்குப் போறவங்க எதை வாங்கி வர்றாங்க?



கண்டுணர்வுப் பயணம் எங்கே போகலாம் என்று குழுக்களில் கேட்கும்போதெல்லாம் கொல்லிமலை என்ற பேர் வருகிறது. அதனால் இந்த இதழில் அந்த மலையைப் பற்றிச் சொல்கிறோம்.

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. நம்ம பக்கத்திலிருந்து விருத்தாசலம், சேலம் வழியாக நாமக்கல் போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றல் உள்ளவர்கள் கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றோடு ஏறாதீங்க!

மலையில் 'நாடு' என்றால் பல சிற்றூர்கள் சேர்ந்த பகுதி. வளப்பூர் நாட்டில்தான் அறப்பளீஸ்வரர் கோயில். கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கு மேல் படி இறங்கினால் ஆகாய கங்கை அருவி. இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் தெரியும். முட்டி வலி உள்ளவர்கள் கோயிலோடு நின்றுவிடலாம். வல்வில் ஓரி ஆண்ட மலை என்பதால் ஆடி மாதம் அவர் பெயரில் அரசு விழா நடக்கும். ஆடிப் பெருக்குக்குக் கூட்டம் தாங்காது.

ஆனால் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியது அருவி இல்லை, சாமை.

மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு விளைவித்துச் சாப்பிட்டு வந்தவர்கள். சாமையில் உமி கெட்டி. உரலில் போட்டுப் பெண்கள்தான் குத்தணும், புடைக்கணும், மறுபடி குத்தணும். நாள் முழுக்க காட்டில் வேலை செய்துவிட்டு யாரால் முடியும்? ரேஷன் அரிசியும் வந்தது. ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு போட்டால் கையில் காசு. சாமைக் காடு சுருங்கிப் போச்சு.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலையைத் தொடங்கியது. விதையைக் காப்பாற்றியதோடு, உமி நீக்கும் மெஷினையும் ஊருக்குள் கொண்டுவந்தது. அதை இயக்கியது சுய உதவிக் குழுக்கள். உலக்கை வேலை குறைந்தது. சாமை அரிசி, ரவை, மாவு என்று பாக்கெட் போட்டு விற்கவும் முடிந்தது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது உலகமே பேசியதை, இந்தப் பெண்கள் முன்னாடியே செய்துவிட்டார்கள்.

அருவியைப் பார்க்க வந்தவர் பார்த்துவிட்டுப் போனால் ஊருக்கு என்ன மிச்சம்? மிளகு, காபி, மலை வாழை, அன்னாசி, சாமை என்று ஊர்க்காரர் கையால் வாங்கிப் போனால்தான் காசு மலையிலேயே தங்கும். மிளகைக் கொடியோடு வியாபாரியிடம் பேசி விட்டுவிடுபவருக்கும், காயவைத்துக் கால் கிலோவாகக் கட்டி விற்பவருக்கும் கிடைக்கும் காசு ஒன்றா?

நம்ம கதையும் இதுதானே! பிச்சாவரத்துக்கு ஊர் ஊராக வருகிறார்கள். படகில் சுரபுன்னைக் காட்டைச் சுற்றிவிட்டு மதியத்துக்குள் கிளம்பிவிடுகிறார்கள். பண்ருட்டிப் பக்கம் நம் பெண்கள் விரல் கறுக்க முந்திரி உடைக்கிறார்கள். கிடைப்பது உடைத்த கூலிதான். அந்தப் பருப்பே நம் குழுப் பெயரில் பாக்கெட்டாகி, படகுத் துறைக்குப் பக்கத்தில் இருந்தால்?

உணவுப் பொருள் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். பாக்கெட்டில் எடை, தேதி, விலை எழுத வேண்டும். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஊக்குநரும் பிரதிநிதியும் உங்கள் குழு செய்யும் பொருள் ஒன்றையும், அதற்கு ஆன செலவுக் கணக்கையும் தீர்மான நோட்டோடு எடுத்து வாருங்கள். பயணத் தேதியையும் அன்றைக்கே பேசி முடிவு செய்யலாம்.