துறைமுகம் தெரியும் பொருத்துவீடு: பார்க்கப் போகிறவர்களுக்கு

திருகோணமலையில் லிங்கநகர்ப் பக்கம் புதுசாக நிறுத்திய பொருத்துவீடு ஒன்றைப் பார்க்க உங்களைக் கூப்பிட்டால், கூப்பிட்டவர் நேரே விறாந்தைக்குத்தான் கொண்டுபோவார். எதிரே உட்துறைமுகம், அக்கரையில் சீனக்குடா, பொழுது சாயும் நேரமென்றால் தண்ணீர் முழுக்கப் பொன்னிறம். விலை பேச அதைவிடத் தோதான இடம் விற்பவருக்குக் கிடையாது. காட்சி எங்கும் ஓடிப்போகாது. முதலில் வீட்டின் பின்பக்கம் போங்கள்.

பொருத்துவீட்டில் சட்டம், சுவர், கூரை எல்லாமே தொழிற்சாலையில் அளவாகச் செய்யப்பட்டு லொறியில் வரும். அத்திவாரத்தின் மேல் வைத்துப் போல்ட்டாலும் திருகாணியாலும் பூட்டுவார்கள். மணலுக்கும் மேசனுக்கும் மாதக்கணக்கில் அலைய வேண்டாம், சில வாரங்களில் குடிபுகலாம். சட்டம் பெரும்பாலும் நாகம் பூசிய மெல்லிய உருக்கு. தகட்டின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் இன்னும் நிற்கின்றனவே, உருக்குக்குக் கடற்காற்று என்ன செய்யும் என்று சிலர் கேட்பார்கள். அவை தடித்த தகடுகள். துரு தின்னத் தின்ன மிச்சம் இருக்கும். ஒரு மில்லிமீற்றரில் தின்ன என்ன இருக்கிறது?

மெல்லிய தகட்டைக் காப்பது நாகப்பூச்சு. தான் கரைந்து உருக்கைக் காப்பாற்றுவது அதன் குணம். ஆனால் தகட்டை வெட்டிய ஓரத்திலும் துளை போட்ட இடத்திலும் அந்தப் பூச்சு அறுபட்டிருக்கும். பின்பக்கத்துக் கூரைத் தாழ்வாரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். மழை படாத இடம்தானே, பத்திரமாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது மறுவளம். வெளிப்பக்கத்து உப்பை மழை கழுவிவிடும். தாழ்வாரத்தின் அடியில் படிந்த உப்பு அப்படியே இருந்து அரிக்கும். திருகாணித் தலையிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் மெல்லிய கோடு இறங்கியிருக்கிறதா, தலைக்கடியில் உள்ள றப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். குடியிருக்கப் போகிறவர் நல்ல தண்ணீரால் அந்த இடங்களை அவ்வப்போது கழுவத்தான் வேண்டும்.

அடுத்தது காற்று. 1964 டிசம்பர்ப் புயலைத் திருமலையில் வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி இந்தக் கரையோரமாகத்தான் ஏறியது. எடை குறைந்த வீட்டைப் புயல் தள்ளுவதோடு விடாது, கூரையோடு தூக்கவும் பார்க்கும். ஆகவே சட்டத்தை அத்திவாரத்தோடு பிடிக்கும் போல்ட் கொங்கிறீற்றுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, கூரை சட்டத்தோடு எதனால் கட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். வரைபடத்தை விரித்துக் காட்டிப் பதில் சொல்பவரை நம்பலாம்.

வெக்கையும் அந்தக் காட்சியோடு சேர்ந்தே வருகிறது. சீனக்குடா இருப்பது மேற்கே. துறைமுகத்தைப் பார்த்துச் சுவரளவுக்குக் கண்ணாடி போட்டால் பின்னேர வெயில் முழுவதும் வீட்டுக்குள்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மூன்று மணிக்குப் போய், ஏசியை நிறுத்தச் சொல்லி, அரை மணித்தியாலம் உள்ளே இருங்கள். சரிந்த வெயிலுக்கு ஒன்றரை அடித் தாழ்வாரம் காணாது. ஆழமான விறாந்தை வேண்டும், எதிர்ச்சுவரில் காற்றுப் போக ஜன்னலும் வேண்டும்.

வடக்கு கிழக்கில் இந்த வீடுகளுக்கு ஒரு பழைய கதை உண்டு. போரில் வீடிழந்தவர்களுக்கு 65,000 உருக்குப் பொருத்துவீடுகள் கட்டித்தர அரசு திட்டம் போட்டது. ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தோடு பேச்சு நடந்தது. ஒரு வீடு சுமார் 21 இலட்சம் ரூபா. இந்திய வீட்டுத்திட்டம் பயனாளிக்குக் கொடுத்ததோ 5.5 இலட்சம், அதில் மக்கள் கல்வீடு கட்டியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் மாதிரி வீடுகள் எழும்பின. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் அவற்றைப் பார்த்து அத்திவாரம், கூரைத் தாங்கல், காற்றோட்டம் மூன்றிலும் குறை சொன்னார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் 2016இல் எதிர்த்து நின்றது. திட்டம் அந்த உருவில் நிறைவேறவில்லை. உருக்கு என்பதற்காக மட்டும் அதை ஒதுக்கியதாக நான் நினைக்கவில்லை. கல்வீட்டில் ஒரு அறை கூட்ட ஊர் மேசன் போதும். பொருத்துவீட்டுக்கு யாரைக் கூப்பிடுவது?

லிங்கநகரில் உங்களுக்கும் அதே கேள்விதான். ஒரு சுவர்ப்பலகை பழுதானால் மாற்றுப் பலகை எங்கிருந்து வரும், திருமலையில் அதைப் பூட்டத் தெரிந்தவர் உண்டா? சுவரின் உள்ளே இருப்பது நுரையா, பாறைக் கம்பளியா என்றும் கேளுங்கள். நுரையென்றால் தீப்பிடித்தால் கரும்புகை கக்கும். அடுப்படிச் சுவருக்குக் கம்பளி வைத்த பலகையே நல்லது.

கடைசியாகக் காணிப் பத்திரம். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்ட, உள்ளூராட்சி சபையின் அனுமதியோடு கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். "பொருத்துவீடுதானே, கழற்றி வைக்கலாம், அனுமதி தேவையில்லை" என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.